லால்பாக்கில் ராஜாவைக் கொல்லப் போனேன்

மைசூர் சமஸ்தானத்துக்குத் தனி ராஜா இருக்கிறார். ஆகையால் திருச்சியிலிருந்து பெங்களூர் போகிறவன் வெளிநாடு போகிறவன்தான் என்பது என் கட்சி. என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ராத்திரிக்குப் புளிசாதம் கட்டிக்கிட்டு ஏறினா முடிஞ்சுபோற ஊரெல்லாம் வெளிநாடா?" என்று கேட்டாள். இருந்தாலும் நான் ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கினேன். சீமைக்குப் போகிறவர்கள் தொப்பி வாங்குவதில்லையா?

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பகலில் நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாலையில் கொலைகாரன். அதாவது, எங்கள் ஊர் வாரப் பத்திரிகை ஒன்றில் புராதன பாரசீகத்தில் நடப்பதாக ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகன் பெயர் ஜர்கான். கூலிக்குக் கொலை செய்கிறவன். ஒரு மாகாணாதிபதி அவனை ஏவிவிட, சக்கரவர்த்தியைக் கொல்வதற்காக அரண்மனைத் தோட்டத்தில் தோட்டக்காரனாகச் சேர்கிறான். சேர்ந்தவன் சேர்ந்தவன்தான். மாதக்கணக்காக ஒரு மாதுளைச் செடிக்குப் பின்னாலேயே நின்றான். ஒவ்வொரு வாரமும் இடுப்பிலிருந்து கத்தியை உருவுவான். உடனே நான் 'தொடரும்' போட்டுவிடுவேன். வாசகர்கள் இதை என் சாமர்த்தியம் என்று நினைத்தார்கள். உண்மை வேறு. கரப்பான் பூச்சியைக் கண்டால் பெஞ்சின் மேல் ஏறுகிறவன் நான். ஒரு சக்கரவர்த்தியை எப்படிக் கொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பத்திராதிபர் என்னைக் கூப்பிட்டார். "அவன் சக்கரவர்த்தியைக் கொல்லட்டும். இல்லையென்றால் நான் உம்மைக் கொன்றுவிடுவேன்" என்றார். கதைக்குப் படம் போடுகிற சவரிமுத்து பெங்களூர்க்காரர். படங்கள் தபாலில்தான் வரும். அவரும் புகார் செய்திருந்தார். ஒரே மாதுளைச் செடியை வரைந்து வரைந்து கை அலுத்துவிட்டதாம். ராஜாக்களின் தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க லால்பாக் இருக்கிறது, கதாசிரியரும் வந்தால் அங்கே உட்கார்ந்து முடிவைத் தீர்மானித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். இப்படியாக ஒரு பாரசீகக் கொலைக்கு இடம் பார்க்க நான் ரயில் ஏறினேன்.

காலையில் ஸ்டேஷனில் இறங்கியதும் குளிர் என் காதைப் பிடித்தது. குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு ஜட்கா பிடித்தேன். மல்லேஸ்வரம் என்று சொன்னேன். வண்டிக்காரர் தலையாட்டினார். குதிரை தலையாட்டவில்லை. அது தன் இஷ்டத்துக்கு ஓடி ஒரு கோர்ட்டுக் கச்சேரி வாசலில் போய் நின்றது.

"தினம் ஒரு வக்கீல் ஐயாவை இங்கேதான் இட்டுக்கினு வர்றது சாமி. அதுக்குப் பளக்கம்" என்றார் வண்டிக்காரர்.

"மல்லேஸ்வரத்துக்குப் பழக்கம் இல்லையா?"

"பைசல் ஆகாம கச்சேரியை உட்டு நவுராது சாமி."

குமாஸ்தாவான எனக்கு அந்தக் குதிரையின் மேல் ஒரு சகோதர பாவம் உண்டாயிற்று. இறங்கி, அதன் மூஞ்சிக்கு முன்னால் நடந்து, அதை மல்லேஸ்வரம் வரைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாடகை மட்டும் குறையவில்லை.

மல்லேஸ்வரத்தில் என் பெரியப்பா மகன் இருந்தார். சமஸ்தானத்தில் உத்தியோகம், அரண்மனைக் கணக்கு வழக்கு. பயந்த சுபாவம். குடும்பத்தில் அது எனக்கு மட்டும் வந்த சொத்து அல்ல. மழை வருமா என்று கேட்டால்கூட, மேலதிகாரிக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வரலாம் என்கிற தோரணையில்தான் பதில் சொல்வார். அண்ணி நேர் எதிர். என் கதையைத் தவறாமல் படிக்கிற வாசகி. ஒவ்வொரு வாரமும் பத்திரிகையைத் தபாலில் வரவழைத்து, படித்து, பழம்புடவைத் துண்டில் கட்டி வைத்திருந்தாள்.

பகல் சாப்பாட்டில் என் இலையில் கரிய நிறத்தில் ஓர் உருண்டையை வைத்தாள். ராகிக் களி. அருகில் அவரைக்காய்ச் சாறு. நான் களியை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். மென்றேன், மென்றேன். பல்லெல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் செய்துகொண்டன.

"மெல்லக் கூடாது தம்பி. சாத்துல முக்கி அப்படியே முழுங்கணும்" என்றாள் அண்ணி. பிறகு, விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த என்னிடம், "இந்த வாரமாவது ராஜாவைக் கொன்னுடுவானா?" என்று கேட்டாள்.

அண்ணன் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு இலையில் சாய்ந்தது. "வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? நாம யாரு உப்பைத் தின்னுறோம்? இன்னும் மூணு நாள்ல மகாராஜா லால்பாக்குக்குப் பூ பார்க்க வர்றார். ஊரெல்லாம் போலீஸு" என்றார்.

நான் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கவேண்டும். களி காதையும் அடைத்துவிட்டது.

மறுநாள் சவரிமுத்துவைப் பார்க்கப் பிரேசர் டவுன் போனேன். இங்கே ஒரு வேடிக்கை. சமஸ்தானத்து நகரத்திலிருந்து கன்டோன்மென்ட்டுக்குள் நுழைந்தால் மறுபடி வெள்ளைக்கார ஆட்சி. வேறு போலீஸ், வேறு கச்சேரி. இவ்வளவு பாடுபட்டு வெளிநாடு வந்தவன் ஒரு சாலையைத் தாண்டியதும் புறப்பட்ட ராஜ்யத்துக்கே திரும்பிவிட்டேன்.

சவரிமுத்து ஒல்லியான மனிதர். ஓட்டல்களுக்கும் தையல் கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவர். விரலிடுக்கில் எல்லாம் வர்ணம். அவர் மனைவி கிறிஸ்துமஸில் மிச்சமிருந்த கல்கல் ஒரு தட்டு நிறையக் கொடுத்தாள். சோழி மாதிரி சுருட்டிப் பொரித்த இனிப்பு. ராகிக் களியால் அவமானப்பட்டிருந்த என் பற்கள் கடகடவென்று பழி தீர்த்துக்கொண்டன.

"சார், உங்க ஆளு பின்னாலேருந்து குத்துவானா, முன்னாலேருந்தா?" என்று கேட்டார் சவரிமுத்து. "அது தெரியாம நான் எப்படிப் போடறது?"

"எனக்கும் தெரியாது" என்றேன்.

"அப்ப நாளைக்கு லால்பாக்ல நடிச்சே பாத்துடுவோம் சார்."

இந்த யோசனை எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மூன்றாம் நாள் காலை. லால்பாக்கைப் பற்றி நான் ஒன்றும் வர்ணிக்கப் போவதில்லை. பூக்கள் இருந்தன. நிறைய இருந்தன. கண்ணாடி மாளிகையைச் சுற்றித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நடைபாதையின் ஓரத்தில் அடர்த்தியான செடிக்கூட்டத்தைச் சவரிமுத்து தேர்ந்தெடுத்தார். அவர் சக்கரவர்த்தி. நான் ஜர்கான். என் குடை கத்தி.

"ராஜா அந்தப் பக்கத்துலேருந்து வர்றார் சார். நீங்க பதுங்குங்க!"

நான் பதுங்கினேன். அவர் மேல்துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்து வந்தார். நான் பாய்ந்தேன். என் வேட்டி செடியில் மாட்டிக்கொண்டது. சக்கரவர்த்தியின் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தேன்.

"இது கொலை மாதிரி இல்ல சார். சம்பளம் ஏத்திக் கேக்கற மாதிரி இருக்கு" என்றார் அவர்.

மறுபடி செய்தோம். "கழுத்துல குத்துங்க சார், படம் நல்லா வரும்!" "ராஜாவோடு காவல்காரர்கள் வருவார்களே?" "அவங்க பூ பாக்கட்டும் சார்!" என்றெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டோம். சுற்றி மண் கொத்திக்கொண்டிருந்த தோட்டக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கன்னட தேசத்தில் நாம் பேசுவது யாருக்குப் புரியப்போகிறது என்று இருந்தேன். லால்பாக்கில் மண் கொத்துகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஒருவிதத் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஓர் ஓட்டல் பலகைக்கு இரண்டாம் பூச்சு பூச வேண்டும் என்று சவரிமுத்து வரைந்ததை எல்லாம் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். நானும் அவரோடு போயிருக்கலாம். கலைஞனுக்குத் திருப்தி என்று ஒன்று இருக்கிறதே! தனியாக மறுபடி செடிக்குள் புகுந்து, குடையை ஓங்கி, "வா ராஜாவே, வா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. மீசையோடு ஒரு போலீஸ் தபேதார்.

"இங்கே என்ன கெலஸம், என்ன வேலை?" என்றார்.

வக்கீல் குமாஸ்தாவாக இத்தனை வருஷம் இருந்தவன் நான். போலீஸார் கேட்டால் வாயைத் திறக்காதே என்று எத்தனை கட்சிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! நான் சொன்ன பதில் இது:

"ஒருவரைக் கொல்வதற்கு இடம் பார்க்கிறேன்."

"யாரை?"

"ராஜாவை" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து, "பாரசீக ராஜாவை" என்று அவசரமாகச் சேர்த்தேன். அதற்குள் என் குடை அவர் கையில் இருந்தது. நான் இன்னும் இருவர் கையில் இருந்தேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கண்ணியமான மனிதர். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பத்திரிகை என்று கேட்டார். சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. தபேதாரும் கேள்விப்பட்டதில்லை. லாக்கப்பில் இருந்த ஒரு ஜேப்படிக்காரனைக் கேட்டார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவனாம். அவனும் உதட்டைப் பிதுக்கினான். என் இலக்கிய வாழ்க்கையில் அதைப் போல ஒரு விமரிசனத்தை நான் சந்தித்ததில்லை.

"சவரிமுத்துவைக் கேளுங்கள்" என்றேன்.

"அவர் இருக்கறது கன்டோன்மென்ட்டு. அது வேறே சர்க்கார். நாங்க எழுதி, அவங்க விசாரிச்சு, பதில் வரணும். மகாராஜா வந்து போற வரைக்கும் நீங்க இங்கேயே இருங்க. ஆமேலே, அதுக்கப்புறம், உங்க ஊருக்கு, உங்க வக்கீலுக்கு எல்லாம் ரிப்போர்ட் போகும்."

ராஜத்துரோகச் சந்தேகத்தில் பிடிபட்டவனை எந்த வக்கீல் குமாஸ்தாவாக வைத்துக்கொள்வார்? அண்ணன் பெயரை மட்டும் சொல்வதில்லை, அவர் உத்தியோகத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று உறுதி பூண்டேன். அந்த உறுதி தபேதார் ஒரு தடவை மீசையைத் தடவும் வரையில் நின்றது.

மல்லேஸ்வரத்துக்கு ஒரு கான்ஸ்டபிள் போய்வந்தான். அப்படி ஓர் உறவுக்காரர் வந்திருப்பது வாஸ்தவம், அவர் என்ன எழுதுகிறார் என்று தமக்குத் தெரியாது, நாளை மறுநாள் வந்து பார்க்கிறேன் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். என்னால் கோபிக்க முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் உறவுக்காரன் என்றே ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

"சரி, கதையைச் சொல்லுங்க. நிஜமா நீங்கதான் எழுதறீங்களான்னு பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்ல ஆரம்பித்தேன். உயிருக்குப் பயந்து சொல்லும்போது கதை நன்றாகவே வருகிறது. கான்ஸ்டபிள்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். ஜேப்படிக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஜர்கான் மாதுளைச் செடிக்குப் பின்னால் கத்தியை உருவினான். நான் நிறுத்தினேன்.

"ஆமேலே?" என்றார் தபேதார்.

"தெரியாது."

"குத்தினானா இல்லையா?"

"இன்னும் முடிவு செய்யவில்லை."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எழுதினவருக்கே முடிவு தெரியாதா? இப்போதான் எனக்கு நிஜமா சந்தேகம் வருது" என்றார்.

சாயங்காலம் வெளியே ஒரு ஜட்கா வந்து நின்றது. அண்ணி இறங்கினாள். தனியாக வந்திருந்தாள், கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடு. அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதென்றால் சாதாரணமல்ல. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தானாகவே வழி விட்டான்.

"இவர் என் கொழுந்தனார். கதை எழுதறவர்தான்" என்றாள். கன்னடத்தில் சொன்னாள், எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

"அந்தப் பத்திரிகை இருக்குதாம்மா?"

அவள் முகம் இறுகியது. "இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மத்தியானம் எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டாரு."

"ஏன்?"

"பயம்."

என் கதி என்ன ஆகும் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அண்ணி இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"புஸ்தகம் போனா என்னங்க? எனக்குத் தெரியும். முதல் வாரத்துல அந்த ஜர்கானுக்கு இடது கண்ணு மேல தழும்பு. நடுவுல வலது கண்ணு மேல வந்துடுச்சு. போன மாசம் தாடையில இருக்கு."

நான் தலையைக் குனிந்தேன்.

"சக்கரவர்த்தியோட பெரிய ராணி விஷம் குடிச்சுச் செத்துப்போனா. நானே அழுதேன். ரெண்டு வாரம் கழிச்சு அவளே பழரசம் கொண்டாந்து ராஜாவுக்குக் குடுக்கறா."

"செத்தவளா?" என்றார் தபேதார்.

"அது அவள் தங்கை என்று..." என்று ஆரம்பித்தேன்.

"தங்கை இருக்கறதா நீங்க எழுதவே இல்ல தம்பி. அந்தத் தோட்டத்துல ராத்திரி எப்பப் பார்த்தாலும் பௌர்ணமி. அமாவாசையே கிடையாது."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தபேதாரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பின்னால் அண்ணி எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். 'ராஜாவைக் கொல்லக் கிளம்புகிறவன் இத்தனை அஜாக்கிரதையாக இருக்க மாட்டான். இவர் எழுத்தாளர்தான்.'

தபேதாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா, அவன் ராஜாவைக் குத்துவானா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"அது எனக்கு வேணாங்க" என்றாள் அண்ணி. "ஆரம்பத்துல ஒரு வாரம், அவன் பொண்டாட்டி கிணத்தங்கரையில குடத்தோட நின்னா. 'சீக்கிரம் வந்துடறேன்'னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் இவன் கிளம்பினான். அதோட சரி. அப்புறம் அவளைப் பத்தி ஒரு வரி இல்ல. அவ வீட்டுக்குப் போனாளா, சாப்பிட்டாளா, ஒண்ணும் தெரியல. ஒவ்வொரு வாரமும் பிரிச்சதும் நான் தேடறது அவளைத்தான். இவன் குத்தினா என்ன, குத்தாட்டி என்ன?"

ஜர்கானுக்கு நான் ஒரு மனைவியைக் கொடுத்திருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இவள் அடுக்கிய மற்றப் பிழைகளுக்கெல்லாம் வெட்கம்தான் வந்தது. இதற்கு வேறு ஏதோ வந்தது. கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் லால்பாக் பக்கம் தலைகாட்டக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் என்னை விட்டார்கள். ஜாமீனுக்கு அண்ணியே கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது.

ஜட்காவில் ஏறினோம். தூக்கில் இருந்த பிசிபேளேஹுளிச் சாதத்தை நான் தின்றுகொண்டே வந்தேன். பயம் போனதும் பசிக்கிற ஜாதி நான்.

"அண்ணன் மேல கோபமா அண்ணி?" என்றேன்.

"அவரு பயந்தது எனக்குத் தப்பாப் படல தம்பி. இருபது பேர் நடுவுல உத்தியோகம் பண்றவரு, பயப்பட வேண்டியதுதான். அடுப்புல போடறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது என்னுது." தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த வீட்டுல என்னுதுன்னு நான் எடுத்து வச்சது அது ஒண்ணுதான்."

வீட்டில் அண்ணன் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். "அடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அண்ணி அவரைத் தாண்டி அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் அண்ணன் விடியற்காலையிலேயே தலைப்பாகை கட்டிக்கொண்டு லால்பாக் வேலைக்குப் போய்விட்டார். மகாராஜா வந்தார், பூக்களைப் பார்த்தார், சௌக்கியமாகத் திரும்பினார். நான் கூடத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். அத்தனை மாதம் வராதது அன்று தடங்கலில்லாமல் வந்தது. கிணற்றங்கரையில் நிற்கும் பெண் குடத்தை இறக்கி வைக்கிறாள். ஊரை விட்டு நடக்கிறாள். அரண்மனை வாசலில் காவலர்களோடு வாதாடி, தோட்டத்துக்குள் போய், மாதுளைச் செடியை விலக்கி, "வீட்டுக்கு வாங்க" என்கிறாள். கொலைகாரன் கத்தியை மண்ணில் செருகிவிட்டுப் பின்னால் போகிறான். சக்கரவர்த்திக்குத் தம் தோட்டத்தில் ஒருவன் ஒளிந்திருந்ததே கடைசி வரை தெரியாது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பத்திராதிபர் என்னைக் கொல்லத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அண்ணன் திரும்பினார். தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் காயவைத்திருந்த காகிதங்களைப் பார்த்தார். கேட்காமலே எடுத்தார். அவர் என் கதையில் ஒரு வரிகூட அதற்கு முன் படித்ததில்லை. நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பாதியில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அடுக்களையில் அண்ணி தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முடித்ததும் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தார். "பழசெல்லாம் உங்க ஆபீஸ்ல கிடைக்குமா? முதல்லேருந்து?" என்றார்.

"கிடைக்கும். அனுப்புகிறேன்."

தலையாட்டினார். "இந்தப் பொம்பளைக்குப் பேரே வைக்கலையே" என்றார்.

"தோன்றவில்லை. நீங்கள் ஒன்று சொல்லுங்கள்."

அண்ணன் அடுக்களைப் பக்கம் பார்த்தார். அவள் காதில் விழவேண்டும் என்றே சற்று உரக்கச் சொன்னார்: "அபரஞ்சின்னு வை."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவள் அண்ணிதான். அண்ணனுக்கு அவள் 'இந்தா பார்'. அவள் சொந்தப் பெயரை அந்த வீட்டில் நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். பேனாவை மையில் தோய்த்து, வாதாடுகிற இடம் முதல் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வரையில், ஒவ்வொரு 'அவளு'க்கும் மேலே அபரஞ்சி, அபரஞ்சி என்று எழுதிக்கொண்டு போனேன். அசல் பாரசீகப் பெயர் மாதிரியே இருந்தது.